ஒட்டி வாழும் ஜெல்லி மீனும் கேசவ பணிக்கரும்

ஜெல்லி மீன்னா மிதக்கும்னுதானே நினைக்கிறீங்க? காம்பு ஜெல்லி மீன் அப்படியில்லை. காம்பால் கடற்பாசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உலகம் முழுக்கச் சுமார் 50 இனங்கள், பெரும்பாலும் குளிர்ந்த கடல்களில்.

இந்தியக் கரையிலும் அது உண்டு என்று 1944-ல் பதிவுசெய்தவர் என். கேசவ பணிக்கர். வெளியானது, உங்க பெங்களூருவிலிருந்து வரும் கரன்ட் சயின்ஸ் இதழில். குறிப்பு இரண்டே பக்கம்தான்!

1913-ல் கேரளத்தில் பிறந்தவர். சென்னையில் அடையாறு உப்பங்கழியில் கடல் சாமந்திகளை ஆராய்ந்தார் (ஆமாம், இன்னிக்கு மூக்கைப் பொத்திக்கிட்டுக் கடக்கிறோமே, அதே அடையாறுதான்). 1950-களில் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய இயக்குநர். 1966-ல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர். 1977-ல் மறைந்தார்.

டேட்டா ஆளாக எனக்குப் பிடித்தது இடையில் நடந்த வேலை. எங்கே, எப்போது பிடித்தது என்ற சீட்டு இல்லாத மாதிரி, பாட்டிலில் கிடக்கும் ஊறுகாய்தான். ஒரு கரையில் எந்த உயிர் காணாமல்போனது என்று கேட்டால், அந்தச் சீட்டுதான் பதில் சொல்லும். 1960-களின் சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வில் இந்தியப் பங்கை வழிநடத்தியவர் பணிக்கர். பல நாட்டுக் கப்பல்கள் ஒரே வகை வலையால் அள்ளிய மிதவை உயிரிகள் கொச்சிக்கு வந்தன. அங்கேதான் பிரித்து, எண்ணி, பதிவுசெய்தார்கள்.