ஸ்பிட்ஃபயரும் வால்ரஸும்: ஒரே கையின் இரு விமானங்கள்



ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை வடிவமைத்தவர் ஆர். ஜே. மிட்செல் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அதே கை வரைந்த மெதுவான விமானம் ஒன்றும் உண்டு. அதன் பெயர் வால்ரஸ்.

மிட்செல் 1895 மே 20-ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் பிறந்தார். 16 வயதில் பள்ளியை விட்டு, ரயில் என்ஜின் செய்யும் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். பகலில் ஒர்க்‌ஷாப்; இரவு வகுப்பில் டிராயிங், கணக்கு, மெக்கானிக்ஸ். யூனிவர்சிட்டி வாசலையே மிதிக்காதவர். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். இதைப் படித்தபோது எனக்கு வந்த தெம்பு கொஞ்சநஞ்சமில்லை!

1917-ல் சவுதாம்ப்டனில் கடல் விமானம் செய்யும் சூப்பர்மரைன் கம்பெனியில் சேர்ந்தார். இரண்டே வருஷத்தில், 24 வயதில், தலைமை வடிவமைப்பாளர்! 1931-ல் அவருடைய எஸ்.6பி விமானம் மணிக்கு 650 கி.மீ.க்கு மேல் பறந்து உலக சாதனை படைத்தது.

அப்படிப்பட்டவர் வரைந்த வால்ரஸ் 1933 ஜூன் 21-ல் முதலில் பறந்தது. மேலும் கீழுமாக இரட்டை இறக்கை, படகு போன்ற உலோக உடல், மடங்கும் சக்கரம். தரையிலும் இறங்கும், தண்ணீரிலும் இறங்கும். அலைச் சாரல் படாதபடி என்ஜினை உயரத்தில், இறக்கைகளுக்கு நடுவே, பின்னோக்கி வைத்தார். வேகம்? மணிக்கு 215 கி.மீ. போல, அவ்வளவுதான்.

அதே ஆண்டு அவருக்குப் புற்றுநோய் ஆபரேஷன் நடந்தது. வேதனையோடு வேலைக்குத் திரும்பினார். 1936 மார்ச் 5-ல் ஸ்பிட்ஃபயர் பறந்தது. 1937 ஜூன் 11-ல் மிட்செல் மறைந்தார். வயது 42.

பிறகு வந்தது உலகப் போர். அடிபட்ட விமானங்களின் விமானிகள் இங்கிலீஷ் கால்வாயில் விழுந்தார்கள். அந்தக் குளிர்ந்த நீரில் ரொம்ப நேரம் உயிர் தாங்காது. 1941 முதல் பிரிட்டிஷ் விமானப் படையின் மீட்புப் பிரிவுகளில் வால்ரஸ் இறங்கியது. மெதுவாகப் போவதால் தேடுவதும் சுலபம், சின்ன இடத்தில் இறங்குவதும் சுலபம். பாரம் கூடியோ அலை பெருத்தோ மேலே எழும்ப முடியாமல் போனால், படகு மாதிரி தண்ணீரிலேயே ஓடிக் கரை சேர்ந்ததும் உண்டு! ஸ்பிட்ஃபயரிலிருந்து விழுந்தவர்களையும் வால்ரஸ் தூக்கி வந்தது. அப்படிப் பிழைத்த ஒருவரைக்கூட மிட்செல் பார்க்கவில்லை.

பம்பு, வால்வு என்று ஷீட் போடும்போது, இதெல்லாம் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று நமக்கும் அலுப்பு வரும். புகழ் ஸ்பிட்ஃபயருக்குத்தான் போனது, உண்மைதான். ஆனால் கடலில் தத்தளித்தவன் எதிர்பார்த்தது வால்ரஸை அல்லவா! நண்பர்களே, எந்த ஷீட்டையும் அலட்சியமாகப் போடாதீர்கள்.