கப்பலில் போட்ட கணக்கு

சர் சி. வி. ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930-ல், 19 வயதில், மேற்படிப்புக்காகப் பம்பாயில் கப்பலேறி இங்கிலாந்து சென்றார்.

வழியில் ஒரு கணக்குப் போட்டார். அணுத்துகளைப் பற்றிய குவாண்டம் விதியையும், அதிவேகத்தைப் பற்றிய ஐன்ஸ்டீனின் சார்பு விதியையும் அதில் இணைத்தார். எரிந்து அடங்கிய நட்சத்திரம் ஓர் அளவுக்கு மேல் தன் பாரத்தைத் தாங்காது, உள்ளே சரிந்துவிடும் என்று விடை வந்தது. அந்த அளவு சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று பின்னர் கணித்தார்.

1935-ல் லண்டன் வானியல் சங்கத்தில் இதைச் சொன்னார். புகழ்பெற்ற விஞ்ஞானி எடிங்டன் எழுந்தார். இரு விதிகளையும் இணைத்ததே தவறு என்று கேலி செய்தார். சபை சிரித்தது. இளைஞர் மனம் நொந்தார். ஆனால் கணக்கை மாற்றவில்லை.

கணக்கு சரியென்று பின்னர் உலகம் ஒப்புக்கொண்டது. 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1995-ல் சிகாகோவில் காலமானார். அந்த அளவுக்கு இன்று ‘சந்திரசேகர் எல்லை’ என்றே பெயர்.