நட்சத்திரங்களை ஆராய்ந்தவர் ஆற்றுக்கு ஆய்வகம் கேட்டது ஏன்? யார் இந்த மேக்நாத் சாஹா?

மேற்கு வங்கத்தில் மழைக்காலம் வந்தாலே ஒரு சண்டையும் கூடவே வந்துவிடும். தாமோதர் ஆற்று அணைகளில் இருந்து சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீரைத் திறந்துவிட்டாங்க என்று மாநில அரசு குற்றம் சொல்லும். முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் திறந்தோம் என்று தாமோதர் பள்ளத்தாக்கு கழகம், அதாவது டிவிசி, பதில் சொல்லும். 2024 செப்டம்பரிலும் இதே கதைதான்.

அந்த அணைகளுக்கு முதலில் வாதாடியவர்களில் முக்கியமான ஒருவர் பொறியாளரே இல்லை. இயற்பியல் பேராசிரியர் மேக்நாத் சாஹா. நட்சத்திர ஒளியை வைத்தே அதன் வெப்பத்தைக் கணக்கிட வழி காட்டிய சாஹா சமன்பாடு இவருடையதுதான். சரி, அவருக்கு ஆற்றில் என்ன வேலை?

தண்ணீர் சூழ்ந்த ஊர்

1893 அக்டோபர் 6-ம் தேதி, டாக்கா அருகே சியோராதலி கிராமத்தில் பிறந்தார் சாஹா. இன்று அது வங்கதேசத்தில் இருக்கு. அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. மழைக்காலத்தில் சுற்றிலும் தண்ணீர்தான், எங்கே போகணும்னாலும் படகு வேணும். வெள்ளம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

மேலே படிக்க ஊரில் பள்ளி இல்லை. சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு மருத்துவர் வீட்டில் தங்கிப் படித்தார். அங்கே மாட்டைப் பார்த்துக்கணும், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவணும். தட்டு விஷயத்துக்குக் காரணம் சாதி. பிறகு டாக்காவில் உதவித்தொகையோடு படித்தபோது, வங்கப் பிரிவினையை எதிர்த்து மாணவர்கள் நடத்திய ஆளுநர் புறக்கணிப்பில் சேர்ந்தார். பள்ளியும் போச்சு, உதவித்தொகையும் போச்சு. எப்படியோ 1911-ல் கொல்கத்தா மாநிலக் கல்லூரி வந்து சேர்ந்தார். வகுப்புத் தோழர் சத்யேந்திர நாத் போஸ், ஆசிரியர்கள் ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும். அப்படிப்பட்ட இடத்திலும், விடுதியில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட சில மாணவர்கள் மறுத்தாங்க.

1913-ல் தாமோதரில் பெருவெள்ளம். மாணவர் சாஹா நிவாரண வேலைக்குப் போனார். அந்த ஆற்றுக்கும் அவருக்கும் பழக்கம் அங்கேதான் ஆரம்பம்.

அளக்காமல் எப்படிக் கட்டுவது?

1920-ல் கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கும்போதே சூரியன் பற்றிய அந்தப் புகழ்பெற்ற கட்டுரை வெளியானது. இரண்டே வருடத்தில், 1922-ல், வடக்கு வங்கத்தில் வெள்ளம். ராய் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது. களத்தில் சுபாஷ் சந்திர போஸ், செய்திகளை எழுதி நிதி திரட்ட உதவும் வேலையில் சாஹா. ரயில் பாதைக்காகப் போட்ட மண்கரைகள் தண்ணீர் வடியும் வழியை அடைக்குது, அடியில் போதுமான திறப்பு இல்லை என்ற பிரச்சனை அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. நம்ம ஊர் பைபாஸ் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இது நல்லாவே புரியும்.

1923-ல் அலகாபாத் பல்கலைக்கழகம் போன பிறகும் அவர் ஆற்றை விடவில்லை. 1934-ல் பம்பாயில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுத் தலைமை உரையில் ஆற்று ஆய்வகம் வேணும் என்று வலியுறுத்தினார். அவர் வாதம் எளிமையானது. எங்கே எவ்வளவு மழை, ஆற்றில் நொடிக்கு எவ்வளவு தண்ணீர், அதில் எவ்வளவு வண்டல் என்று வருடக்கணக்கில் அளக்கணும். பிறகு ஆற்றைச் சின்ன அளவில் மாதிரியாகச் செய்து, தண்ணீரை ஓடவிட்டுப் பார்க்கணும். எந்தக் கரை அரிக்குது, எங்கே மணல் சேருது என்பது அங்கேயே தெரிஞ்சிடும். கட்டுவது அதுக்கு அப்புறம்தான்.

1935-ல் அவர் தொடங்கிய 'சயின்ஸ் அண்ட் கல்ச்சர்' இதழிலும் இதையே திரும்பத் திரும்ப எழுதினார். அரசு அசையவில்லை.

ரயில் நின்ற பிறகு

1943 ஜூலையில் தாமோதர் கரை உடைந்தது. தண்ணீரின் அளவைப் பார்த்தால் 1913 வெள்ளத்தைவிட இது சின்னதுதான். ஆனா இந்த முறை ரயில் பாதையும் கிராண்ட் டிரங்க் சாலையும் துண்டாகிப் போச்சு. இரண்டாம் உலகப்போர் நடக்குது, பக்கத்து பர்மாவில் ஜப்பான் படை. அந்த நேரத்தில் கொல்கத்தாவுக்குப் போகும் முக்கியப் பாதையே அடைபட்டது. அதே வருடம் வங்கத்தில் பஞ்சம் வேற. இத்தனை வெள்ளத்தில் கிராமங்கள் மூழ்கியபோது வராத அவசரம் அரசுக்கு இப்போது வந்தது என்பதுதான் கசப்பான உண்மை.

பர்த்வான் மகாராஜா தலைமையில் விசாரணைக் குழு போட்டாங்க, சாஹாவும் உறுப்பினர். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு போல மேலே அணைகள் கட்டி, ஆறு முழுவதையும் ஒரே அமைப்பு பார்த்துக்கணும் என்பது அவர் தொடர்ந்து எழுதிய யோசனை. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இந்தத் துறை அம்பேத்கர் கையில் இருந்தது. 1945-ல் கொல்கத்தாவில் இதற்கான கூட்டத்தை அவரே தலைமை தாங்கி நடத்தினார். டென்னசியில் இருந்து வந்த பொறியாளர் வூர்டுயின் எட்டு அணைகளுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். 1948 ஜூலையில் டிவிசி பிறந்தது.

எட்டில் நான்கு

டிவிசி முதலில் கட்டியது நான்குதான். திலையா 1953-லும் கோனார் 1955-லும் முடிந்தன. 1952-ல் சுயேச்சையாக ஜெயித்து நாடாளுமன்றம் போயிருந்த சாஹா, 1956 பிப்ரவரி 16-ம் தேதி டெல்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் இறந்தார். மைதோன் 1957-ல், பாஞ்சேத் 1959-ல். அந்த இரண்டையும் அவர் பார்க்கவில்லை. அவற்றில் திட்டமிட்ட உயரம் வரை தண்ணீர் தேக்கத் தேவையான நிலமும் முழுசா எடுக்கப்படவில்லை.

திட்டத்துக்கு அன்றே எதிர்ப்பும் இருந்தது. கபில் பட்டாச்சார்யா என்ற வங்கப் பொறியாளர், வெள்ளத்தை அடக்கினால் கீழே ஆறு மண் மூடிப் போகும், ஹூக்ளி ஆறும் கொல்கத்தா துறைமுகமும் பாதிக்கப்படும் என்று எச்சரித்தார். அணைகளுக்காக ஊரை இழந்தவர்களில் சந்தால் பழங்குடிகள் நிறைய பேர். தண்ணீரை அவ்வளவு கவனமாக அளக்கச் சொன்ன சாஹாவின் கணக்கில் அந்த மக்களுக்குப் போதுமான இடம் இல்லை என்றே சொல்லணும்.

1978-லும் 2000-லும் தெற்கு வங்கம் பெருவெள்ளத்தில் தவித்தது. இன்று மைதோன், பாஞ்சேத் நீர்த்தேக்கங்களில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்திருக்கு. சின்னப் பாத்திரம் சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் திறக்கணும். கரையோர நிலக்கரிச் சுரங்கம், உருக்காலைக் கழிவு என்று தண்ணீரின் தரம் தனிப் பிரச்சனை.

சாஹா கேட்ட ஆற்று ஆய்வகம் என்னாச்சு? 1943-லேயே வங்க அரசு ஒரு ஆற்று ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பித்தது. நதியா மாவட்டம் ஹரிங்காட்டாவில் ஆறுகளின் மாதிரிகளைச் செய்து சோதித்துப் பார்ப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.