முதலாண்டு வகுப்பை வகுத்தவர்: யோஹான்னஸ் இட்டன்

கவின்கலைப் பட்டப் படிப்பில் சேரும் மாணவன், சேர்ந்த மறுநாளே பெரிய துணித்திரையை விரித்து ஓவியம் தீட்டத் தொடங்கிவிடுவதில்லை. முதலாண்டில் அவனுக்குக் காத்திருப்பவை வேறு வேலைகள். தாள் நிறையக் கோடுகள் இழுக்க வேண்டும். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாக நிழலேற்றிக் காட்ட வேண்டும். பன்னிரண்டு வண்ணங்களைச் சக்கரமாகத் தீட்ட வேண்டும். மரப்பட்டை, சாக்கு, கம்பி, கண்ணாடித் துண்டு இவற்றை அட்டையில் ஒட்டி, வழவழப்பையும் சொரசொரப்பையும் அருகருகே வைக்க வேண்டும். ஓவியனாகும் ஆசையோடு வந்தவனுக்கு இவை குழந்தை விளையாட்டாகத் தோன்றலாம். இதற்காகவா கல்லூரிக்கு வந்தோம் என்ற சலிப்பும் எழலாம். இந்த விளையாட்டை ஒழுங்கான பாடமாக்கிக் கலைப் பள்ளியின் வாயிலில் நிறுத்தியவர்களுள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்து நாட்டவரான யோஹான்னஸ் இட்டன். அவருடைய பாடம் உலகெங்கும் பரவிய அளவுக்கு அவர் பெயர் பரவவில்லை.

இட்டன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் பெர்ன் மாநிலத்து மலைப்பகுதிச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். ஓவியர் ஆவதற்கு முன்பே அவர் பள்ளி ஆசிரியர். பெர்ன் நகருக்கு அருகில் ஹோஃப்வில் என்னுமிடத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்று, கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பணியாற்றினார். பிள்ளைகளின் ஏட்டிலுள்ள ஒவ்வொரு பிழையையும் அடித்துத் திருத்தினால் அவர்களுடைய துணிவு கெட்டுவிடுகிறது என்பதை அங்கே கண்டார். எனவே எந்தப் பிள்ளையையும் தனியே சுட்டிக் காட்டாமல், பரவலாகக் காணப்படும் பிழைகளை மட்டும் வகுப்பு முழுவதற்கும் பொதுவாக எடுத்துரைத்தார். இருபது வயது இளைஞரின் இந்தச் சிறிய கண்டுபிடிப்பை நாம் நினைவில் கொள்ள வேண்டும். பின்னாளில் அவர் செய்த பெரிய காரியங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவையே.

1909இல் ஜெனீவா ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த பழைய முறைக் கல்வி அவருக்குப் பிடிக்கவில்லை. பெர்னுக்குத் திரும்பிக் கணிதமும் அறிவியலும் படித்தார். ஆயினும் ஓவியம் அவரை விடவில்லை. 1913இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குச் சென்று, அடோல்ஃப் ஹோல்ட்செல் என்ற ஓவிய ஆசிரியரிடம் சேர்ந்தார். வண்ணங்களின் எதிரிணைகளை ஆராய்வது, காகிதத் துண்டுகளை ஒட்டிப் படம் அமைப்பது, பழைய பேரோவியங்களின் கட்டமைப்பைப் பகுத்துப் பார்ப்பது ஆகியவை ஹோல்ட்செலின் வகுப்பில் நடந்தன. இட்டன் பிற்காலத்தில் கற்பித்த பலவற்றுக்கும் வித்து இங்கேதான் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது ஹோல்ட்செலுக்குச் செய்யும் அநீதியாகும். 1916இல் வியன்னாவுக்குச் சென்று சொந்தமாக ஒரு கலைப் பள்ளி நடத்தினார்.

முதல் உலகப் போர் முடிந்தது. 1919இல் கட்டடக் கலைஞர் வால்ட்டர் குரோப்பியஸ், ஜெர்மனியின் வைமார் நகரில் பௌஹவுஸ் என்ற புதிய பள்ளியைத் தொடங்கினார். ஓவியம், சிற்பம், தச்சு, நெசவு, மட்பாண்டம், கட்டடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது அவர் கனவு. அவர் அழைத்த முதல் ஆசிரியர்களுள் இட்டனும் ஒருவர். வியன்னா மாணவர் சிலரும் ஆசிரியரைப் பின்தொடர்ந்து வைமாருக்கு வந்தனர்.

வந்து சேர்ந்த மாணவர்களோ பலதரப்பட்டவர்கள். போர்க்களத்திலிருந்து திரும்பியோர் சிலர். பழைய கலைக் கழகங்களில் சிலை பார்த்து வரைந்து கை பழகியோர் சிலர். ஒன்றும் அறியாதோர் சிலர். யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது? விருப்பமுள்ள எல்லோரையும் ஒரு பருவத்துக்குத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு பார்க்கலாம் என்று இட்டன் யோசனை சொன்னார். அந்த அரையாண்டு வகுப்பே முன்பயிற்சி வகுப்பு. 1920இல் அது கட்டாயமாயிற்று. அதில் தேறியவருக்கே பட்டறைகளில் இடம். அவ்வகுப்புக்கு இட்டன் மூன்று நோக்கங்களை வைத்தார். மாணவன் பிறரிடமிருந்து இரவல் பெற்ற பழக்கங்களை உதறித் தன் சொந்தப் படைப்பாற்றலை உணர வேண்டும் என்பது ஒன்று. மரமா, உலோகமா, நூலா, களிமண்ணா, எந்தப் பொருள் தன் கைக்கு இசைகிறது என்று அறிந்து தொழிலைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அடுத்தது. வடிவத்துக்கும் வண்ணத்துக்கும் உரிய அடிப்படை விதிகளைக் கற்க வேண்டும் என்பது மூன்றாவது.

வகுப்பு நடந்த விதம் விந்தையானது. முதலில் உடற்பயிற்சி, பிறகு மூச்சுப் பயிற்சி. தோளும் மணிக்கட்டும் தளர்ந்தால்தான் கோடு உயிர் பெறும் என்பது இட்டனின் கருத்து. அடுத்து எதிரிணைகள்: பெரியது சிறியது, நீண்டது குறுகியது, ஒளி இருள், நேர்கோடு வளைகோடு, மிகுதி குறைவு, கடினம் மென்மை. இவற்றை மாணவன் முதலில் புலன்களால் உணர வேண்டும்; பின் காரணம் ஆராய வேண்டும்; அதன் பிறகே வடிவமாக்க வேண்டும். பொருள்களைப் பற்றிய பயிற்சிக்குக் கடையில் வாங்கிய சாமான்கள் தேவைப்படவில்லை. இறகு, மரச்சீவல், துருப்பிடித்த கம்பி, கம்பளித் துண்டு, கண்ணாடிச் சில்லு என்று கிடைத்தவற்றை எல்லாம் மாணவர்கள் பொறுக்கி வந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவித் தடவி அவற்றின் வேறுபாட்டை அறிந்தார்கள். பிறகு அவற்றை இணைத்துப் புதிய அமைப்புகள் உண்டாக்கினார்கள். இறுதியாக, பார்ப்பவன் தொட்டதுபோல் உணரும்படி கரிக்கோலால் அவற்றை வரைந்தார்கள். பாடத்தின் உயிர் இந்த வரிசையில்தான் இருக்கிறது. கை அறியாததைக் கண் அறியாது என்று இட்டன் நம்பினார். இன்று நம் மாணவர் சாக்கையும் கம்பியையும் ஒட்டிக் கொடுத்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகும்போது, தடவிப் பார்க்கும் அந்த முதற்படி பெரும்பாலும் விட்டுப் போகிறது.

இயற்கையைப் பார்த்து வரைவதிலும் அவர் வழி தனி. முட்செடியை வரைவதானால் முள்ளின் கூர்மையை உடலால் உணர்ந்த பின்பே தாளில் கை வைக்க வேண்டும். பெரும் ஓவியரான பவுல் கிளே, தாமும் பௌஹவுஸில் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் இட்டனின் வகுப்பை வேடிக்கை பார்க்கப் போனார். இட்டன் வகுப்பில் முன்னும் பின்னும் நடந்து, உடலை ஒருமுகப்படுத்தித் தாளில் சட்டென்று கோடிட்டுக் காட்டியதையும், மாணவர் அதைப் பின்பற்றியதையும் அவர் தம் மனைவிக்குக் கடிதத்தில் சற்றுக் குறும்போடு விவரித்திருக்கிறார்.

மற்றொரு நாள் நிகழ்ச்சியை ஆஸ்கர் ஷ்லெம்மர் என்ற சக ஆசிரியர் பதிவு செய்திருக்கிறார். குரூனெவால்டின் பலிபீட ஓவியத்தில் அழுதுகொண்டிருக்கும் மக்தலேனா மரியாளின் உருவத்தை இட்டன் காட்டினார். மாணவர்கள் கட்டமைப்பை ஆராய்ந்து மும்முரமாக வரையத் தொடங்கினர். அவர்களைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த இட்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. கலையுணர்வு உள்ளவன் இந்த அழுகையின் முன் வரைந்துகொண்டிருக்க மாட்டான், கண்ணீரில் கரைந்து உட்கார்ந்திருப்பான் என்று சீறிவிட்டு வெளியேறினார். மாணவர்பால் பரிவு கொள்ளத்தான் வேண்டும். வரையச் சொன்னதும் அவர், வரைந்ததற்குக் கோபித்ததும் அவர்! பிள்ளையின் ஏட்டைத் திருத்தத் தயங்கிய அதே மனிதர் இவ்வாறும் இருந்தார்.

இட்டனிடம் குறைகள் இல்லாமல் இல்லை. அக்காலத்தில் அவர் மஸ்தஸ்னான் என்னும் சமயக் கூட்டத்தில் தீவிரமாக ஈடுபட்டிருந்தார். தலையை மழித்துக்கொண்டு துறவியைப் போன்ற அங்கி அணிந்து வகுப்புக்கு வந்தார். உபவாசம், சைவ உணவு, மூச்சடக்கம் ஆகியவற்றை மாணவரிடையேயும் பரப்பினார். பள்ளி உணவுக் கூடத்தில் வெள்ளைப் பூண்டு மிகுந்த சமையல் கேலிக்கு இடமாயிற்று. உணவு முறையை அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். அக்கூட்டத்தின் போதனையில் வெள்ளையரை உச்சியில் வைக்கும் இனவெறியும் கலந்திருந்ததையும், இட்டன் அதை மறுக்காமல் ஏற்றதையும் அவ்வாறு விட்டுவிட இயலாது. அவர் ஆதரவு மாணவர்கள் தனிக் கட்சிபோல் ஆனதும் பள்ளிக்கு நல்லதாக இல்லை.

குரோப்பியஸுக்கும் அவருக்கும் மூண்ட சண்டையின் வேர் இதைவிட ஆழமானது. பௌஹவுஸ் அரசுப் பணத்தில் நடந்த பள்ளி. பட்டறைகள் வெளியிலிருந்து வேலைகளை ஏற்று வருவாய் ஈட்ட வேண்டும், தொழிலுலகோடு தொடர்பு கொள்ள வேண்டும் என்று குரோப்பியஸ் கருதினார். மாணவனின் உள்ளம் மலர்வதற்கான இடத்தில் வாடிக்கையாளரின் ஆணை நுழையக் கூடாது என்றார் இட்டன். இரண்டில் ஒன்றை முடிவு செய்யும்படி அவரே குரோப்பியஸை வற்புறுத்தினார். முடிவு அவருக்குச் சாதகமாக அமையவில்லை. 1922இல் விலகல் கடிதம் கொடுத்து, 1923இல் வைமாரை விட்டு வெளியேறினார். யார் பக்கம் நியாயம் என்று எளிதில் சொல்ல முடியாது. படித்து முடித்தவனுக்குப் பிழைப்பு வேண்டும் என்ற குரோப்பியஸின் கவலையை நம் நாட்டுக் கலை மாணவர் யாரும் அலட்சியம் செய்ய மாட்டார்கள். ஆனால் ஒன்று வியப்புக்குரியது. ஆசிரியரை அனுப்பிய பள்ளி அவருடைய வகுப்பை அனுப்பவில்லை. லாஸ்லோ மொஹோலி-நாகியும் யோசஃப் ஆல்பர்ஸும் அதை ஏற்று, மூச்சுப் பயிற்சியையும் மந்திரத்தையும் நீக்கி, பொருள்களின் வலிமை, சிக்கனம், சமநிலை ஆகியவற்றை முன்னிறுத்தி நடத்தினர். 1933இல் பௌஹவுஸ் நாஜிகளின் நெருக்கடியால் மூடப்பட்டபின், இவ்விருவர் வழியாகவே அவ்வகுப்பு அமெரிக்காவுக்குப் போயிற்று.

நம் நாட்டோடும் இட்டனுக்கு ஒரு தொடர்பு உண்டு. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் இந்தியக் கீழ்த்திசைக் கலைச் சங்கம் நடத்திய கண்காட்சியில், பௌஹவுஸ் ஓவியர்களான கிளே, காண்டின்ஸ்கி முதலியோரின் படைப்புகளுடன் இட்டனின் படைப்புகளும் இடம் பெற்றன. வியன்னாவிலிருந்து இந்தியாவுக்கு வந்திருந்த கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் இதற்குப் பெரிதும் காரணமாக இருந்தார். வைமாரில் இட்டன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வேளையில், அவர் படங்கள் வங்கத்து ஓவியர்களின் படங்களுக்கு அருகே தொங்கின.

1926இல் பெர்லினில் இட்டன் மீண்டும் சொந்தப் பள்ளி தொடங்கினார். 1928இல் அங்கு வண்ண இசைவு பற்றி வகுப்பு நடத்தும்போது, இசைவானவை என்று தாம் கருதிய சில வண்ணக் கூட்டுகளைத் தீட்டச் சொன்னார். சிறிது நேரத்தில் வகுப்பில் சலசலப்பு. இவை எங்களுக்கு இனிமையாகவே இல்லை என்பதுதான் மாணவர் குறை. சரி, அவரவருக்கு எது இனிமையோ அதைத் தீட்டுங்கள் என்று விட்டுவிட்டார். வகுப்பு உடனே அமைதியாயிற்று. ஒரு மணி நேரம் கழித்துத் தாள்களைத் தரையில் பரப்பிப் பார்த்தபோது, ஒருவரின் தாளில் இருந்த வண்ணங்கள் ஒன்றுக்கொன்று உறவுடையனவாகவும், ஒருவரின் தாள் மற்றவர் தாளிலிருந்து முற்றும் வேறாகவும் இருந்தன. ஒவ்வொருவருக்கும் உள்ளார்ந்த வண்ணங்கள் உண்டு என்ற அவர் கொள்கை இவ்வாறு பிறந்தது. மாணவரின் எதிர்ப்பிலிருந்து பாடம் கற்ற ஆசிரியர் என்று இவரைச் சொல்லலாம்.

நாஜி ஆட்சியில் 1934இல் அப்பள்ளி மூடப்பட்டது. 1938இல் ஜெர்மனியை விட்டு நீங்கி, ஹாலந்து வழியாகத் தாய்நாடு திரும்பினார். சூரிச் நகரக் கலைத்தொழிற் பள்ளியின் இயக்குநராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். 1961இல் வண்ணக் கலை பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. பன்னிரண்டு வண்ணச் சக்கரமும் எழுவகை வண்ண எதிரிணைகளும் அதில் விளக்கப்பட்டுள்ளன. சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றையே அவர் மூலவண்ணங்களாகக் கொண்டார். அச்சுத் தொழிலில் சயான், மஜந்தா, மஞ்சள் மைகளே அடிப்படையாதலால் அவர் சக்கரம் அறிவியலுக்கு முழுதும் பொருந்தாது. எதிரிணைகள் பற்றி அவர் சொன்னவை இன்றும் வகுப்பில் பயன் தருகின்றன. 1963இல் தம் முன்பயிற்சி வகுப்பைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். 1967இல் சூரிச்சில் மறைந்தார்.

அவருடைய மாணவி ஒருவரைப் பற்றியும் இங்குச் சொல்ல வேண்டும். ஃப்ரீடல் டிக்கர், வியன்னாவில் இட்டனிடம் பயின்று, அவரைப் பின்தொடர்ந்து வைமாருக்குச் சென்றவர், யூதப் பெண்மணி. 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைச் செக் நாட்டுத் தெரெசின் முகாமுக்கு அனுப்பினர். எடுத்துச் செல்ல அனுமதித்த சிறு சுமையில் அவர் ஓவியப் பொருள்களையும் கட்டிக்கொண்டார். முகாமில் பெற்றோரைப் பிரிந்து அடைபட்டிருந்த நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்தார். தாளத்துக்கு ஏற்பக் கோடிடுதல், ஒளி இருள் எதிரிணை, பழைய அலுவலகப் படிவங்களைக் கிழித்து ஒட்டுதல், பேரோவியங்களைப் பார்த்துத் தன் போக்கில் வரைதல் ஆகியவை பாடங்கள். இட்டனின் வகுப்பேதான். குழந்தைகளை அவர் திருத்தவில்லை. எண்ணாக்கப்பட்டிருந்த அந்தக் குழந்தைகள் தத்தம் படத்தில் தம் பெயரை எழுத வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். குழந்தைகளிலும் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. போகுமுன் ஏறத்தாழ 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்து மறைத்திருந்தார். அவை போருக்குப் பின் பிராக் நகரை அடைந்தன. அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம், மூலையில் பெயருடன்.