நூலகத் தந்தை அரங்கநாதனார்

நாஞ்சில் நாட்டு மாணவராகிய நாம் நூலகத்துட் புகுந்து வேண்டிய நூலை எளிதில் எடுக்குங்கால், அவ்வெளிமைக்கு உழைத்தாரை நினைப்பதில்லை. அன்னாருள் தலையாயவர், 1892-ஆம் ஆண்டு சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதனார்.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியிற் பயின்று கணித ஆசிரியரான அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவியை ஏற்றார். சின்னாளிலேயே அதன் தனிமையை வெறுத்து, வகுப்பறைக்கு மீள விழைந்தார். இலண்டன் சென்று கற்றபோதே அப்பணியின் பெருமை அவருக்குப் புலனாயிற்று.

எடுத்துப் படிப்பாரற்ற நூலாற் பயனில்லை எனத் தெளிந்து, 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் பிறக்க அவர் முயற்சியே காரணமாயிற்று. 1956-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபின் அதன் பயன் நமக்கும் உரியதாயிற்று.

அறிவியலாருக்கு ஆராய்ச்சிச் செய்திகளைத் திரட்டித் தருவோரைப் பயிற்றுதற்கு, 1962-இல் பெங்களூரில் ஆவணமாக்க ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவினார். 1972-இல் அந்நகரிலேயே மறைந்தார்.

அவர் வெறுத்த பணியே அவர்தம் புகழாயிற்று. நாமும் வாய்த்த பணியைச் சிறிதென்று இகழாதிருப்போமாக. அதனைப் பெரிதாக்குவது நம் உழைப்பே.