அய்யா விலக்கியதும் விலக்காததும்

அய்யா துணை



அம்பத்தூர், ஆவடி பக்கம் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் கேட்கிறார்கள்: சிலை இல்லை, பூசாரி இல்லை, இது என்ன கோயில் என்று. கேட்கட்டும். அய்யா கேட்காத கேள்வியா?

திருவிதாங்கூர் சீமையில், சாஸ்தான்கோயில்விளையில், 1809-இல் பொன்னு நாடாருக்கும் வெயிலாளுக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். அந்தப் பெயர் இவர்களுக்கு ஆகாதென்று மேல்சாதியார் தடுத்ததால் முத்துக்குட்டி ஆனார். பெயருக்கே தடை என்றால் மற்றதைச் சொல்லவேண்டுமா? ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் தோள்சீலை போடக்கூடாது. தலைக்கு வரி, கூலியில்லா ஊழியம். கோயிலுக்கும் ஊழியம் செய்யவேண்டும். உள்ளே மட்டும் போகக்கூடாது.

இத்தனை பார்த்தவர் கடவுளே இல்லை என்று போயிருக்கலாம். போகவில்லை. 24 வயதில் கடும்நோய் கண்டு, 1833 மாசியில் திருச்செந்தூருக்குக் கொண்டுசென்றார்கள். கடலுக்குள் சென்றவர் மூன்றாம் நாள் நாராயணரின் மகனாக, வைகுண்டராக எழுந்துவந்தார் என்பது நம் நம்பிக்கை. பின்பு சுவாமித்தோப்பில் ஆறு ஆண்டு தவம்.

தேடிவந்த மக்களிடம் ஆடு, கோழி பலியை நிறுத்தச் சொன்னார். காணிக்கை வேண்டாம், காவடி வேண்டாம் என்றார். (விழாவுக்கு ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும் நமக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது கொஞ்சம் கை கூசத்தான் வேண்டும்.) பதினெட்டுச் சாதியும் முந்திரிக்கிணற்றில் ஒன்றாக நீர் இறைத்துக் குளித்தார்கள், குடித்தார்கள். அரண்மனைக்குப் பொறுக்கவில்லை. 1838-இல் சுவாதித் திருநாள் மன்னர் ஆட்சியில் அய்யாவைப் பிடித்துச் சுசீந்திரம் கொண்டுபோய், பின் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தார்கள். புலிக்கூண்டில் விட்டதையும் அகிலத்திரட்டு சொல்கிறது. 1839-இல் விடுதலை.

அதன்பின் நடந்த துவையல் தவசைத்தான் பிள்ளைகளுக்கு நிதானமாகச் சொல்லவேண்டும். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட 700 குடும்பத்தார் கடற்கரையில் தங்கி, நாள்தோறும் துவைத்துக் குளித்து, மாமிசம் விலக்கி, ஒன்றாக உண்டு, அய்யாவை நினைத்திருந்தார்கள். சுத்தம் பண்ண எந்தப் புரோகிதரும் வரவில்லை.

இன்றும் பள்ளியறையில் கண்ணாடிதான் இருக்கிறது. வேலை முடிந்து பூவிருந்தவல்லியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவரும் அதன்முன் தலைப்பாகை கட்டித்தான் நிற்கிறார். அன்று கட்டக்கூடாது என்றார்களே, அதே தலைப்பாகை.

1841-இல் அரிகோபாலன் சீடர் அகிலத்திரட்டை எழுதினார். 1851 வைகாசி 21-இல் அய்யா வைகுண்டம் ஏகினார். அதற்கு முன்பே ஊர்களில் நிழல்தாங்கல்கள் எழுந்துவிட்டன.

அய்யா உண்டு