கர்னல் ஆல்காட்டும் சேரிப் பள்ளிகளும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இருப்புப்பாதை சோலையார்பேட்டையைக் கடந்து மேட்டு நிலம் ஏறியதும் குப்பம் என்னும் நிலையம் வருகின்றது. இன்று ஆந்திரப் பிரதேசத்துச் சித்தூர் மாவட்டத்தில் அடங்கிய இவ்வூர், அந்நாளில் வட ஆர்க்காடு மாவட்டத்துக் கங்குந்தி ஜமீனைச் சேர்ந்திருந்தது. 1876 முதல் 1878 வரையில் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தில் வட ஆர்க்காட்டுச் சேரிகள் பட்ட பாடு சொல்லும் தரத்ததன்று. அதனையடுத்துக் கோலார் தங்கச் சுரங்கங்கள் பெருகிய காலத்தில், நிலமும் இல்லாது நெல்லும் இல்லாது நின்ற எளிய குடும்பங்கள் தமிழ் மாவட்டங்களிலிருந்து மேற்கு நோக்கிப் பிழைப்புத் தேடிச் சென்றன. அக்குடும்பங்களின் நடுவில்தான் பிற்காலத்தே நம் தம்மம் வேர்கொண்டது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் பௌத்த சங்கங்கள் எழுந்ததும், சித்தார்த்த புத்தகசாலை நூல்களை அச்சிட்டு வழங்கியதும் நம்மவர் அறிந்ததே.

ஆனால் நூல் அச்சிடுவதற்கு முன்னே அதைப் படிப்போர் இருத்தல் வேண்டும். சேரிக் குழந்தைக்கு அகர முதல எழுத்தைக் கற்பிக்க ஊர்ப் பள்ளியின் கதவு திறவாதிருந்த காலத்தில், அவ்வேலையைக் கையேற்றவர்களுள் ஒருவர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். அவரைப் பிரம்மஞான சபையின் தலைவர் என்று பலர் அறிவர். பௌத்தக் கொடியோடு சேர்த்துச் சிலர் நினைப்பர். அவர் பள்ளிகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆதலின் அவ்வரலாற்றை இங்கே சற்று விரித்துரைக்கின்றோம்.

ஆல்காட் 1832 ஆம் ஆண்டு ஆகஸ்டு 2 ஆம் நாள் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி நாட்டு ஆரஞ்சு என்னும் ஊரிற் பிறந்தார். இளமையில் வேளாண்மை கற்றார். சோளக் கரும்பைப் பற்றி நூல் எழுதினார். பத்திரிகையில் வேளாண் பகுதியைக் கவனித்தார். 1859 இல், அடிமைகளை விடுவிக்க ஆயுதம் எடுத்த ஜான் பிரவுன் வர்ஜீனியாவில் தூக்கிலிடப்பட்டபோது, பத்திரிகைச் செய்தியாளராக உயிரைப் பணயம் வைத்து அங்கே சென்று அக்காட்சியைக் கண்டவர் அவர். நிறத்தால் மனிதனை விலைபேசும் நாட்டிற் பிறந்தவர், பிறப்பால் மனிதனை விலக்கும் நாட்டிற்கு வந்து பணிசெய்தார் என்பதை நினைக்குந்தோறும், அந்தத் தூக்குமரம் அவர் கண்ணை விட்டு அகன்றிராது என்றே எமக்குத் தோன்றுகின்றது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவர் ஏற்ற வேலை சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. படைக்குப் பொருள் வழங்குவதில் நடந்த மோசடிகளைக் கண்டுபிடித்துக் குற்றவாளிகளைக் கூண்டிலேற்றும் அதிகாரியாக அவர் அமர்த்தப்பட்டார். கர்னல் என்னும் பட்டம் அப்போது வந்தது. 1865 இல் லிங்கன் கொலையுண்டபோது விசாரணைக் குழுவிலும் பணியாற்றினார். பின்னர் வழக்கறிஞரானார். கணக்கைப் பார்த்தவுடன் எங்கே ஓட்டை என்று காணும் கண் அவருக்கு இருந்தது. தருமப் பணி செய்வோரிடம் இரக்கம் மிகுந்திருக்கும்; கணக்கு குறைந்திருக்கும். இவரிடம் இரண்டும் இருந்தன. பள்ளிகள் நிலைத்தமைக்கு அதுவே காரணம் என்பது எம் துணிபு.

1875 நவம்பர் 17 இல் பிளாவட்ஸ்கி அம்மையாருடன் நியூயார்க்கிற் பிரம்மஞான சபையைத் தோற்றுவித்தார். 1879 இல் பம்பாய் வந்து சேர்ந்தார். 1880 மே மாதத்தில் இலங்கையின் காலித் துறைமுகத்தில் இறங்கி, அங்குள்ள விஜயானந்த விகாரையில் மே 25 ஆம் நாள் இருவரும் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றனர்.

இலங்கையில் அவர் கண்டது என்ன? பௌத்தர் பெரும்பான்மையோராய் வாழும் தீவில் பௌத்தரின் பிள்ளைகளுக்கு என்று இருந்த பள்ளிகள் மிகச் சிலவே. கல்வி பெரும்பாலும் பாதிரிமார் கையில் இருந்தது. பிள்ளை எழுத்தை விரும்பினால் தன் தந்தையின் தருமத்தை வாயிலிலேயே விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. ஆல்காட் 1881 இல் ஒரு கல்வி நிதியைத் தொடங்கி, மாட்டு வண்டியிற் கிராமம் கிராமமாகச் சென்று பொருள் திரட்டினார். திரட்டிய பணத்தைத் தம் கையில் வைத்துக்கொள்ளாமல் அவ்வவ்விடத்தாரையே தருமகர்த்தர்களாக அமைத்து அவர்களிடம் ஒப்புவித்தார். அவ்வாண்டிலேயே பௌத்த வினாவிடை நூலையும் எழுதி, சுமங்கல நாயக்க தேரரின் ஒப்புதலுடன் வெளியிட்டார். 1886 இல் கொழும்பில் எழுந்த பள்ளியே பின்னர் ஆனந்தா கல்லூரியாயிற்று. கண்டியில் தர்மராஜா, காலியில் மகிந்தா ஆகியவை தொடர்ந்தன. அவர் வாழ்நாளிலேயே நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகள் அத்தீவில் நடைபெற்றன.

இப்பணியின் நடுவே 1882 இல் அடையாற்றங்கரையில் ஒரு தோட்டத்தை வாங்கிச் சபையின் தலைமையிடத்தை அங்கே மாற்றினார். தோட்டத்தைச் சுற்றிலும் மீனவர் குப்பங்களும் சேரிகளும் இருந்தன. ஊரூர்க் கடற்கரையில் இன்றும் ஒரு மீனவர் குடியிருப்பு ஆல்காட் குப்பம் என்ற பெயரைத் தாங்கி நிற்கின்றது. உலகமெங்கும் சுற்றிய மனிதருக்குத் தம் வேலிக்கு அப்பால் இருந்த குழந்தைகளைக் காணப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இதைக் குறையாகச் சொல்வோரும் உண்டு. அவரைச் சூழ்ந்திருந்த இந்திய அன்பர்களுட் பெரும்பாலோர் உயர்சாதியினர் என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

அக்காலத்து அரசியலையும் அறிதல் நன்று. 1891 இல் செங்கற்பட்டு ஆட்சியாளர் டிரெமன்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர் நிலையைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை அரசினருக்கு அனுப்பினார். 1893 இல் அரசினர், பஞ்சமர் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட மக்களின் கல்விக்குத் தனிச் சலுகைகளும் உதவித் தொகைகளும் வழங்கும் ஆணையைப் பிறப்பித்தனர். ஆணை காகிதத்தில் இருந்தது. சேரிப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிதான் அரிதாயிருந்தது. பொதுப் பள்ளியில் அப்பிள்ளை நுழைந்தால் ஏனையோர் வெளியேறினர். மிஷன் பள்ளிகள் திறந்திருந்தன. அவற்றால் விளைந்த நன்மையை மறுப்பது நன்றியன்று. எனினும் அங்கே எழுத்தோடு மதமும் வந்தது.

1894 இல் அடையாற்றில் முதல் இலவசப் பள்ளியை ஆல்காட் தொடங்கினார். 1898 இல் கோடம்பாக்கத்தில் பிளாவட்ஸ்கி அம்மையார் நினைவாக இரண்டாவது எழுந்தது. அதன்பின் தேனாம்பேட்டையில் தாமோதரர் பள்ளியும், மயிலாப்பூரில் திருவள்ளுவர் பள்ளியும், அன்னி பெசன்ட் பெயரால் ஒரு பள்ளியும் அமைந்து, ஆக ஐந்தாயின. இப்பெயர்களை நாம் எளிதாகக் கடந்து போகலாகாது. தாமோதர மாவலங்கர் என்பவர் பிராமணக் குடும்பத்திற் பிறந்து, தம் சாதியைத் துறந்துவிட்டதாக வெளிப்படையாக அறிவித்துச் சபைக்கு உழைத்த இளைஞர். 1885 இல் திபெத்தை நோக்கிச் சென்றவர் திரும்பவில்லை. சாதியை விட்டவரின் பெயர், சாதியால் விலக்கப்பட்டோரின் பள்ளிக்கு வைக்கப்பட்டது. திருவள்ளுவரோ நம் முன்னோர் தம்மவர் என்று உரிமையோடு போற்றியவர். அயோத்திதாசப் பண்டிதர், தம் பாட்டனார் கந்தப்பனார் காத்துவைத்திருந்த திருக்குறட் சுவடியே எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது என்று எழுதியிருக்கின்றார். அவ்வாறாயின், அப்பள்ளிக்கு அப்பெயர் இரவற் பெயரன்று.

பள்ளியைத் தொடங்குவது எளிது; நடத்துவதே அரிது. பசித்த குழந்தை வராது. வந்தால் எட்டு வயதிற்குள் மாடு மேய்க்கவோ தம்பியைத் தூக்கவோ நின்றுவிடும். கற்பிக்க முன்வருவோர் தீட்டுக்கு அஞ்சினர். ஆல்காட் இவற்றை ஒரு நிருவாகியின் கண்ணோடு நோக்கினார். சேரிப் பிள்ளை பள்ளியில் இருக்கப்போவது சில ஆண்டுகளே. அதற்குள் கையில் தங்கக்கூடியது எதுவோ அதையே கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். தமிழ் எழுதப் படிக்க, கணக்கு, சிறிது ஆங்கிலம், சமையல் ஆகியவை பாடங்களாயின. துரைமார் வீடுகளில் வேலைக்குச் செல்வோர் பலராதலின் ஆங்கிலமும் சமையலும் சேர்ந்தன. அமெரிக்காவிலிருந்து வந்த சாரா பால்மர் அம்மையார் மேற்பார்வையை ஏற்று, விளையாட்டின் வாயிலாகக் கற்பிக்கும் ஃபிரோபெல் முறையைச் சேரிப் பள்ளியிற் புகுத்தினார். பணக்காரப் பிள்ளைகளுக்கே அரிதாயிருந்த அம்முறை, மாகாணத்திற் கடையராக வைக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அம்முறையைப் பற்றி கோர்ட்ரைட் அம்மையார் 1906 இல் ஒரு நூலும் எழுதினார். செலவுக்கு அரசினர் உதவித் தொகையோடு வெளிநாட்டு அன்பர்களின் நன்கொடையும் வேண்டியிருந்தது. அதன் பொருட்டு ஆல்காட் 1902 இல் பறையர் நிலையை விளக்கும் சிறு நூலொன்றை வெளியிட்டார்.

மதமாற்றத்திற்குப் பள்ளியைக் கருவியாக்குவதில்லை என்பது அவர் வைத்த விதி. தாம் பௌத்தராயிருந்தும் பௌத்தத்தையும் அங்கே திணிக்கவில்லை. நம்முள் சிலர் இதனை வாய்ப்பை இழந்தமையாகக் கருதலாம். பசியோடு வரும் குழந்தையிடம் சரணத்தை விலையாகக் கேட்பது பகவான் காட்டிய நெறியாகாது என்பதே எம் கருத்து.

ஆனால் அவர் வகுத்த எல்லை ஒன்று உறுத்துகின்றது. கீழ் வகுப்புகளோடு இப்பிள்ளைகளுக்குப் போதும் என்று அவர் எண்ணினார். எழுத்தராகவோ வழக்கறிஞராகவோ அவர்களை ஆக்குதல் தம் நோக்கமன்று என்றே கொண்டிருந்தார். இலங்கையிற் கல்லூரி கண்டவர் அடையாற்றில் ஆரம்பப் பள்ளியோடு நின்றார். பொருட்குறைவு ஒரு காரணமாகலாம். நல்ல சமையற்காரன் ஆனாற் போதும் என்ற எண்ணம், எத்துணை அன்போடு சொல்லப்பட்டாலும், பிறர் பிள்ளைக்கு ஒருவர் அளந்து வைத்த அளவேயன்றோ?

அந்த அளவை ஏற்காதவர்கள் 1898 இல் அவரையே தேடி வந்தனர். அயோத்திதாசப் பண்டிதரும் ஆசிரியர் கிருஷ்ணசாமியாரும் அவர்களுள் முதல்வர். தாங்கள் இரக்கத்திற்குரிய ஏழைகள் என்று அவர்கள் வரவில்லை. பழைய பௌத்தக் குடிகள், எங்கள் தருமத்தை மீட்க உதவுக என்று கேட்டனர். ஆல்காட் அதனை மதித்தார். அநகாரிக தர்மபாலரோடு அவர்களை அவ்வாண்டு ஜூலையிற் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். அங்கே சுமங்கல நாயக்க தேரரிடம் அவர்கள் பஞ்சசீலம் ஏற்றனர். திரும்பி வந்து இராயப்பேட்டையிற் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினர். ஆல்காட் துணை நின்றார். தலைமையைப் பண்டிதரிடமே விட்டார். இலங்கைத் தருமகர்த்தர்களிடம் பணப்பையை ஒப்புவித்த அதே கை இது.

1906 இல் கடற்பயணத்திற் கப்பலில் விழுந்து காயமுற்ற அவர், 1907 பிப்ரவரி 17 இல் அடையாற்றிற் காலமானார். அவர் உடலைப் பௌத்தக் கொடியாலும் அமெரிக்கக் கொடியாலும் போர்த்தித் தீயிட்டனர்.

அவருக்குப்பின் அன்னி பெசன்ட் அம்மையார் சபைத் தலைவரானார். 1909 இல் இந்தியன் ரிவ்யூ பத்திரிகையில், தாழ்த்தப்பட்டோர் குழந்தைகளைத் தூய்மையிலும் ஒழுக்கத்திலும் முதலிற் பழக்க வேண்டும். அதற்குமுன் மற்றக் குழந்தைகளோடு ஒரே பள்ளியிற் சேர்த்தலாகாது என்னும் பொருள்பட எழுதினார். டாக்டர் அம்பேத்கர் 1945 இல் வெளிவந்த தம் நூலில் அப்பகுதியை எடுத்துக் காட்டியிருக்கின்றார். கர்னலின் பெயரிலேயே பள்ளிகள் நடந்துகொண்டிருந்த காலத்தில் இது எழுதப்பட்டது என்பது கசப்பான செய்தி. பிற்காலத்தில் ஐந்து பள்ளிகளுள் நான்கு சபையின் நிருவாகத்தினின்று நீங்கின. அடையாற்றுப் பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளியாகப் பெசன்ட் நகரில் இன்றும் நடைபெறுகின்றது.

கர்னல் மறைந்த நான்கு மாதங்களில், 1907 ஜூன் 19 ஆம் நாள், இராயப்பேட்டையிலிருந்து பண்டிதரின் ஒரு பைசாத் தமிழன் வெளிவரலாயிற்று. ஒரு பைசா கொடுத்து வாங்கக் கூடிய பத்திரிகை. வாங்குவோர் எழுத்தறிந்திருந்தாற் போதும். சென்னைச் சேரிகளிலும், திருப்பத்தூரிலும், குப்பத்தைக் கடந்து செல்லும் அதே இருப்புப்பாதை வழியாகக் கோலார் சுரங்க வரிசைகளிலும் அது படிக்கப்பட்டது.